பக்கத்து நிலம் 'மட்' (MUD) மாவட்டத்தில் சேர்ந்தால் நமக்கு வரி ஏறுமா?

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் மட் மாவட்டத்தில் (Municipal Utility District: தண்ணீர், சாக்கடை, வடிகால் வசதி தந்து அதற்கு வரி வாங்கும் உள்ளூர் அமைப்பு) பக்கத்து நிலத்தைச் சேர்க்க ஹூஸ்டன் நகரம் ஒப்புதல் தந்துவிட்டதாம். நாங்களும் நகரத்துக்குள் போய்விடுவோமா? இப்போதே விற்றுவிடுங்கள் என்கிறார் தரகர்."

முதலில் அந்தத் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவருக்கு உங்கள் வரியைப் பற்றி என்ன கவலை, கமிஷனைத் தவிர!

நகரத்தைச் சுற்றியுள்ள அதன் அதிகார வட்டத்துக்குள் இருக்கும் நிலத்தை மட்டில் சேர்க்க, நகரத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது டெக்சாஸ் சட்டம். நடந்தது அவ்வளவுதான். நகரோடு இணைப்பது வேறு வேலை. 2019-க்குப் பிறகு மக்களின் சம்மதம் இல்லாமல் அது பொதுவாக நடக்காது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஹூஸ்டன் பல மட்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, கடைகள் இருக்கும் நிலத்தை மட்டும் 'வரையறுக்கப்பட்ட' முறையில் இணைத்துக்கொள்கிறது. அங்கே விற்பனை வரியில் தன் பங்கை எடுத்து, பெரும்பாலும் மட்டோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளும். கடை ரசீதில் விற்பனை வரி கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, "நம்மை இணைத்துவிட்டார்கள்" என்று பதற வேண்டாம். அதனால் உங்கள் வீட்டுக்கு நகரச் சொத்து வரி வராது.

மட் வரி ஏறுமா? சாக்கடை, தண்ணீர்க் குழாய், வடிகால் போடுவதற்கு மட் கடன்பத்திரம் விற்கிறது. அந்தக் கடனை எல்லா வீடுகளும் சேர்ந்து அடைக்கின்றன. புது நிலத்தில் வீடுகள் வேகமாக வந்தால் சுமை பகிரும். கடன் முந்திக்கொண்டு வீடுகள் தாமதித்தால் ஏறும். வரி விகிதம் வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு 10 சென்ட் கூடினால், 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 400 டாலர் கூடும். நகரத்தின் ஒப்புதல் இந்த விகிதத்தை நிர்ணயிப்பதில்லை. ஆனால் இதை ஒரு சாதாரண மனிதருக்குப் புரியும்படி நகரத்தின் ஒப்புதல் தீர்மானம் சொல்லாது. அதில் ஏக்கர் கணக்கும் எல்லைக் குறிப்பும்தான் இருக்கும்.

புது வீடு வாங்க நினைக்கும் நண்பர்களிடம் இதையும் சொல்லுங்கள்: மட் வரி, கடன் பற்றிய அறிவிப்பை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே விற்பவர் தரவேண்டும். தராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க உரிமை உண்டு. "மட் வரி சீக்கிரம் போய்விடும்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். வீட்டு வரிவிலக்கு வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்டு அரசு முத்திரை போன்ற கடிதம் வந்தால் குப்பையில் போடுங்கள். அந்த விண்ணப்பம் இலவசம்.

மட் வாரியக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. போய், புது நிலத்துக்காக எவ்வளவு கடன், எத்தனை வீடுகள், எந்த ஆண்டுக்குள் என்று கேளுங்கள்.