கர்ப்ப காலத்தில் மினரல் சன்ஸ்கிரீன் பூசலாமா?

ஐந்தாவது மாதம் நடக்கிறது, முகத்தில் மங்கு விழ ஆரம்பித்திருக்கிறது, மினரல் சன்ஸ்கிரீன் பூசினால் அதிலுள்ள ஜிங்க் ரத்தத்தில் கலந்து குழந்தைக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதுதானே உங்கள் கேள்வி? தாராளமாகப் பூசலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் முதல் பிள்ளையைச் சுமந்தபோது எனக்கும் இரண்டு கன்னத்திலும் மங்கு வந்தது. அப்போது என் மகப்பேறு டாக்டரையும் தோல் டாக்டரையும் இதே கேள்விகளால் துளைத்தெடுத்திருக்கிறேன். அவர்கள் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஜிங்க் பயம். மினரல் சன்ஸ்கிரீனில் வெயிலைத் தடுப்பவை ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும்தான். இரண்டுமே மிக நுண்ணிய பொடி. புண்ணில்லாத தோலில் பூசினால், மேல்புறத்தில் இருக்கும் உயிரற்ற செல் அடுக்கிலேயே தங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் கடற்கரையில் சிலருக்கு ஐந்து நாள் தொடர்ந்து ஜிங்க் சன்ஸ்கிரீன் பூசி, ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துப் பார்த்தார்கள். க்ரீமில் இருந்து வந்த ஜிங்க் எது என்று பிரித்தறிய, அதில் அடையாளமாக ஜிங்கின் ஒரு தனி வகை அணுவை (ஐசோடோப்) சேர்த்திருந்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஜிங்கோடு ஒப்பிட்டால் க்ரீமில் இருந்து போனது மிக மிக அற்பம். இன்னொன்றும் சொல்கிறேன்: ஜிங்க் விஷமல்ல, கர்ப்ப காலத்தில் உடம்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 11 மில்லிகிராம் தேவைப்படும் சத்து அது.

அப்படியென்றால், மினரலுக்குப் பதில் வேறு வேதிப்பொருட்களால் வெயிலைத் தடுக்கும் கெமிக்கல் சன்ஸ்கிரீனை ஏன் தவிர்க்கச் சொல்கிறார்கள்? 2019-ல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு வரைவு விதி வெளியிட்டது. பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டவை இந்த இரண்டு மினரல்கள் மட்டும்தான். ஆக்சிபென்சோன், அவோபென்சோன் போன்ற பன்னிரண்டு கெமிக்கல்களுக்கு இன்னும் தரவு வேண்டும் என்று சொன்னார்கள். அவற்றில் சில தோல் வழியாக ரத்தத்தில் கலப்பதும் ஆய்வில் தெரிந்தது. கலக்கிறது என்பதற்காகக் கெடுதல் என்று முடிவு கட்டிவிட முடியாது. இத்தனை மாதம் கெமிக்கல் வகையைப் பூசியிருந்தாலும் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். கர்ப்பத்தில் இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க முடிகிறபோது, மினரலை எடுப்பது நல்லது, அவ்வளவுதான்.

நிஜமாகவே கவனிக்க வேண்டியது ட்யூபின் பின்பக்கம். முன்னால் பெரிதாக ‘மினரல்’ என்று போட்டுவிட்டு, உள்ளே கெமிக்கலையும் கலந்திருப்பார்கள். ஆக்டிவ் பொருட்கள் (வெயிலைத் தடுப்பவை) என்ற இடத்தில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு தவிர வேறு பெயர் இருந்தால் அது முழு மினரல் இல்லை. அப்புறம், மற்ற பொருட்களின் பட்டியலில் ரெட்டினில் பால்மிட்டேட் அல்லது ரெட்டினால் என்று இருக்கிறதா பாருங்கள். இவை வைட்டமின் ஏ வகை. இந்தக் குடும்பத்தையே கர்ப்பத்தில் தள்ளி வைக்கச் சொல்வார்கள், சன்ஸ்கிரீனில் இருந்தாலும் அப்படித்தான். வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். மசக்கை நேரத்தில் முகத்திலேயே ஒரு வாசனையைப் பூசிக்கொண்டு நாளைக் கழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்ப்ரே வேண்டாம், தூவிக்கொள்ளும் பவுடரும் வேண்டாம். தோலில் சாதுவாக இருக்கும் இதே துகள்கள் நுரையீரலுக்குள் போவது நல்லதல்ல. நானோ துகள் (மிக மிக நுண்ணிய பொடி) கலந்த சன்ஸ்கிரீனை, மூச்சில் இழுக்க வாய்ப்புள்ள ஸ்ப்ரே வடிவில் விற்க ஐரோப்பிய யூனியனில் அனுமதி இல்லை. க்ரீம் அல்லது லோஷன் போதும்.

இனி மங்கு. கர்ப்பத்தில் ஹார்மோன்கள் ஏறுவதால் நிறமி செல்கள் துள்ளிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வெயில் பட்டாலே கன்னம், நெற்றி, மேலுதடு கருத்துவிடும். இதில் பலருக்கும் தெரியாத விஷயம், புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைக் கூட்டும். அதிலும் மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இன்னும் அதிகம். வெள்ளை நிற சன்ஸ்கிரீன் இந்த வெளிச்சத்தை முழுசாகத் தடுக்காது. தடுப்பது இரும்பு ஆக்சைடு சேர்த்த, நிறம் கலந்த டின்டட் வகை. பட்டியலில் சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்கள் இருந்தால் அது இரும்பு ஆக்சைடுதான். தாடை ஓரத்தில் கொஞ்சம் தடவி, வெளிச்சத்தில் பார்த்து, உங்கள் நிறத்தோடு ஒட்டிப் போகிறதா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். சாம்பல் பூசிய மாதிரித் தெரியும் என்ற தொல்லையும் இதில் குறைவு. எனக்கு மங்கு முழுசாகப் போகவில்லை, ஆனால் டின்டட் வகைக்கு மாறிய பிறகு மேலும் பரவவில்லை.

வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று ட்யூபில் போட்டிருக்கும் எண்ணான எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையக் கூடாது. 50 என்றால் இன்னும் நல்லது. ஆனால் அந்த எண் சொல்லும் பாதுகாப்பு, போதுமான அளவு பூசினால்தான் கிடைக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். மினரல் க்ரீம் கெட்டியாக இருப்பதால் மொத்தமாக அப்பித் தேய்க்காமல், பாதிப் பாதியாகப் புள்ளி வைத்து, விரல் நுனியால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். காதையும் மேலுதட்டையும் விட்டுவிடாதீர்கள். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், வியர்த்தால் அதற்கும் முன்பே.

க்ரீமை மட்டும் நம்பி உச்சி வெயிலில் நடக்காதீர்கள். கர்ப்பத்தில் உடம்பு சூடேறுவதும் நீர் வற்றுவதும் நல்லதல்ல, அதற்குக் குடையும் நிழலும்தான் உதவும். வைட்டமின் டி குறைந்துவிடுமோ என்ற சந்தேகம் இருந்தால் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். அதற்காக சன்ஸ்கிரீனை நிறுத்த வேண்டாம்.

புது க்ரீமை முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். பூசிய இடத்தில் சிவந்து அரித்தால் கழுவிவிட்டு வேறு வாங்கலாம். ஆனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில், தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரித்தால், அதிலும் இரவில் கூடினால், க்ரீம்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தில் வரும் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.