உயர்நிலப் பாலைவனத்தில் சைக்கிள் ஓட்டும்போது வியர்ப்பதே தெரிவதில்லையே, ஏன்?

கடல்மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் இருக்கும் வறண்ட மேட்டுநிலம்தான் உயர்நிலப் பாலைவனம். அமெரிக்காவின் நெவாடாவில் ஆஸ்டினுக்கும் யுரேகாவுக்கும் நடுவே 50-ஆம் எண் நெடுஞ்சாலை அப்படித்தான் போகிறது. சுமார் 110 கி.மீ.க்குக் கடை கண்ணி கிடையாது. நிழலா? முழங்கால் உயரப் புதர்தான்.

அங்கேயும் நன்றாகவே வியர்க்கிறது. காற்றில் ஈரம் மிகக் குறைவு; ஓட்டும் வேகத்தில் அந்தக் காற்று உடம்பில் மோதிக்கொண்டே இருப்பதால், வியர்வை தோலில் நிற்காமல் ஆவியாகிவிடுகிறது. மண்பானையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தண்ணீர் மட்டம் இறங்குமே, அதே கதை. மாலையில் சட்டையின் முதுகைப் பாருங்கள்: வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள்.

அதற்காக வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தால் போதும் என்று நினைப்பது தவறு. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் வரலாம், அதனால் தாகத்துக்கு ஏற்பக் குடித்து, உப்புள்ள தீனியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.