தீவில் காணி, இறங்குதுறை யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்ராறியோவின் முஸ்கோக்கா பகுதியில், படகில் மட்டுமே போகக்கூடிய தீவொன்றில் கொட்டேஜ் விலைக்கு வந்திருக்கிறது. "கார் விடவும் படகு கட்டவும் அக்கரை மரினாவில் இடம் இருக்கு, யோசிக்காதேங்கோ" என்கிறார் விற்பவர். இது போதுமா? – மார்க்கம் வாசகர்

பதில்: போதாது. மரினாவில் படகு கட்டும் இடம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கான வாடகை ஒப்பந்தம். அது விற்பவரின் பெயரில் இருக்கும். காணியோடு சேர்ந்து கைமாறாது. நிலப்பதிவில் ஏறிய உரிமை ஏதும் உண்டா என்று கேளுங்கள். அக்கரையில் ஒரு துண்டுக் காணி சொந்தமாக இருக்கலாம். இல்லாவிட்டால் பதிவுசெய்த வழியுரிமை, அதாவது இன்னொருவர் காணியால் போய்வரும் உரிமை, வேண்டும். அந்த வழியுரிமையை அக்கரைக் காணியின் பதிவிலும் தேடிப் பார்க்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

வாசகத்தையும் கவனியுங்கள். "போக வர" என்று மட்டும் எழுதியிருந்தால், நடந்து துறைக்குப் போகலாம். இரவிரவாகக் காரை விடவோ படகைக் கட்டிவைக்கவோ அது இடம் தரும் என்று நம்பவேண்டாம். வாகனத் தரிப்பு, படகு கட்டுதல், துறையைத் திருத்துதல் மூன்றும் பெயர்சொல்லி எழுதப்பட்டிருக்கவேண்டும்.

அக்கரைக்காரர் இப்போது புதிதாக எழுதித்தரச் சம்மதித்தாலும் ஒரு பொறி இருக்கிறது. ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, காணியின் ஒரு பகுதிமீது 21 வருடமோ அதற்கு மேலோ உரிமை கொடுப்பதற்கு உள்ளூர் அனுமதி வேண்டும். 10 வருடம் எழுதி, இருமுறை 10 வருடம் புதுப்பிக்கலாம் என்று சேர்த்தால் 30 வருடமாகவே கணக்கெடுப்பார்கள். அனுமதி இல்லாமல் எழுதிய பத்திரம் உரிமையைத் தராது.

கேள்வி: 25 வருடமாக ஒரு தனியார் பாதையால்தான் எங்கள் அக்கரைத் துறைக்குப் போய்வருகிறோம். பாதைக் காணியை வாங்கிய புதியவர் சங்கிலி போட்டுவிட்டார். – ஏஜக்ஸ் வாசகர்

பதில்: ஒன்ராறியோவின் வீதி அணுகல் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும். உங்கள் துறைக்கு வேறு வீதியே இல்லையென்றால், 90 நாள் அறிவித்தல் கொடுத்து நீதிமன்ற உத்தரவு பெறாமல் அவர் பாதையை அடைக்க முடியாது. திருத்த வேலைக்காகத் தற்காலிகமாக மூடலாம். நீண்டகாலப் பாவனையால் மற்றவர்களுக்கு உரிமை பிறந்துவிடாமலிருக்க வருடத்தில் ஒருதடவை, 24 மணித்தியாலத்துக்குள் மூடலாம். ஆனால் இந்தச் சட்டம் பாதையைத் திறந்துவைக்குமே தவிர, உங்களுக்கு அதில் உரித்து எதையும் ஆக்கித்தராது.

"20 வருடம் பாவித்தால் உரிமை" என்ற பேச்சை அப்படியே நம்பவேண்டாம். மாகாணத்தின் பெரும்பாலான காணிகள் இப்போது லான்ட் டைட்டில்ஸ் என்ற, உரித்தை அரசே பதிந்து உறுதிப்படுத்தும் முறையில் இருக்கின்றன. அதில் பாவனையால் புது உரிமை பிறக்காது. அந்தக் காணி பழைய முறையிலிருந்து மாற்றப்பட்ட திகதிக்கு முன்பே 20 வருடம் முடிந்திருந்தால்தான் வாதாடலாம். பழைய படங்கள், முன்னைய உரிமையாளரின் சத்தியக்கூற்று எல்லாம் தேவைப்படும். முன்னையவர் நட்புக்காக "தாராளமாகப் போங்கோ" என்று விட்டிருந்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். அனுமதியோடு நடந்த பாவனை உரிமையாகாது.

கேள்வி: எங்கள் காணி தண்ணீர்க்கரை வரை வருகிறது என்று நினைத்திருந்தோம். டொக் (படகு கட்டும் மேடை) கட்டப்போனால், "கரை எங்களுடையது" என்கிறது நகரசபை. – பிரம்டன் வாசகர்

பதில்: அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். முதல் அரச நில அளவையின்போது பல ஏரிக்கரைகளில் 66 அடி அகலப் பட்டையைத் தெருவுக்கென்று ஒதுக்கினார்கள். 'ஷோர் ரோட் அலவன்ஸ்' என்பது அதுதான். தெரு போடாவிட்டாலும் பட்டை நகரசபையிடமே இருக்கும். சில தீவுகளில் இந்தப் பட்டை கிடையாது. சர்வே வரைபடத்தில் பாருங்கள்.

அதை வாங்கலாம். விண்ணப்பித்து, ஒன்ராறியோ நில அளவையாளரைக் கொண்டு அளந்து, அந்தத் தெரு ஒதுக்கீட்டை மூடும் பைலோவை (நகரசபை விதியை) சபை நிறைவேற்றியபின் கைமாற்றுவார்கள். பைலோவின் சான்றுப் பிரதி நிலப்பதிவகத்தில் பதியப்படும்வரை மூடல் செல்லாது. அதற்கு முன் கொந்தராத்துக்காரரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அளவை, சட்டச் செலவு, நில விலை எல்லாம் விண்ணப்பதாரர் தலையில்தான். பெரும்பாலும் இழுபடுவது பக்க எல்லையில்: வளைந்த கரையில் உங்கள் எல்லைக் கோட்டை நேரே நீட்டினால் அயலவர் முன்னால் போய் விழும். அயலவரின் எழுத்துச் சம்மதத்தை அளவைக்கு முன்னரே வாங்குங்கள். அணை கட்டி நீர்மட்டம் உயர்ந்த ஏரியானால் பட்டையின் ஒரு பகுதி தண்ணீருக்குள் கிடக்கும். அதைச் சபை விற்காமல் வைத்துக்கொள்வது வழக்கம்.

கேள்வி: கரை எங்களுடையதானால், டொக் கட்ட மாகாண பெர்மிட் வேண்டுமா? – பிக்கரிங் வாசகர்

பதில்: மிதக்கும் டொக்குக்குப் பொதுவாக வேண்டாம். ஏரியின் அடித்தளம் பெரும்பாலும் அரச நிலம் என்பதால், அதில் ஊன்றும் தாங்கிகளின் பரப்பு 15 சதுர மீற்றரைத் தாண்டினால் வேண்டும். கல் நிரப்பிய 8 அடிக்கு 8 அடி மரக்கூடு ஒன்று ஏறக்குறைய 6 சதுர மீற்றர்; இரண்டு வைக்கலாம், மூன்றாவது எல்லையைத் தாண்டும். பழைய கூடுகளையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். சோனிங் பைலோவின் (நகரசபையின் நிலப் பாவனை விதியின்) நீளம், பக்க இடைவெளி விதிகள் மிதக்கும் டொக்குக்கும் உண்டு. ட்ரென்ட்–செவர்ன் நீர்வழி ஏரிகளில் அனுமதி தருவது மாகாணம் அல்ல, மத்திய அரசின் பார்க்ஸ் கனடா.