மகளுக்கு லேப்டாப், மகனுக்குப் போன்: எதைப் பார்த்து வாங்குவது?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்குக் கணினிப் பொறியியல் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அது கைநழுவினால் கட்டடக்கலை. அதற்குள் 'கேமிங் லேப்டாப் இல்லாமல் கம்ப்யூட்டர் படிக்கவே முடியாது' என்று யாரோ சொல்ல, வீட்டில் நிம்மதி போய்விட்டது. உங்கள் வீட்டுக்காரரோ, 'போனிலேயே எல்லாம் வருகிறதே, லேப்டாப் எதற்கு?' என்கிறார். பத்தாம் வகுப்புப் பையனின் போன் வேறு தொங்கித் தொங்கி நிற்கிறது. "கடன் வாங்கியாவது நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடன் வேண்டாம் அம்மா. விலை குறைந்த லேப்டாப்புகளிலேயே நான்கு வருடப் படிப்பைத் தாங்கக்கூடியவை இருக்கின்றன. அதே விலையில், ஒரு வருடத்திலேயே பிள்ளையை அழவைக்கும் லேப்டாப்புகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் கேள்வி. அவர் சொல்வதில் பாதி உண்மை. பாடம் பார்க்க, குறிப்பு படிக்க, வகுப்பைக் கவனிக்கப் போன் போதும். ஆனால் எழுதி ஒப்படைக்க வேண்டிய வேலை வந்துவிட்டால் போன் கைகொடுக்காது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி நாற்பது பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் போனிலேயே கட்டைவிரலால் அடித்து முடித்திருந்தாள். அதைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது அட்டவணைகள் பக்கம் தாண்டி ஓடியிருந்தன, படங்கள் இடம் மாறிக் கிடந்தன, பக்க எண்ணே இல்லை. விஷயம் தெரிந்த பெண்தான். ஆனால் வேலைக்கான முதல் தேர்வில் கீபோர்டின் முன் உட்கார்ந்தபோது, விடை தெரிந்தும் அடிக்க நேரம் போதவில்லை. அன்று அவள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களின் ஆன்லைன் தேர்வுகள் பெரும்பாலும் கேமராவும் கீபோர்டும் உள்ள கம்ப்யூட்டரையே கேட்கின்றன. ஆகவே கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு லேப்டாப் அவசியம். எந்த அளவுக்கு என்பதுதான் படிப்புக்குப் படிப்பு மாறும்.

அதனால்தான் சொல்கிறேன், சேர்க்கை உறுதியாகும்வரை எதையும் வாங்காதீர்கள். கணினிப் பொறியியலுக்குத் தாராளமாகப் போதுமான லேப்டாப் கட்டடக்கலைக்குத் தாங்காது.

கணினிப் பொறியியல் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வருடம் மகள் செய்யப்போவது சி, பைத்தான், ஜாவா என்ற புரோகிராமிங் மொழிகள், டேட்டாபேஸ், கொஞ்சம் வெப் டிசைன். இவை எதற்கும் தனி கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்காட்சிகளைக் கணக்கிடும் தனிச் சிப், தேவையில்லை. கேமிங் லேப்டாப்பின் விலையில் பெரிய பங்கு அந்தக் கார்டுக்கும், அதைக் குளிர்விக்கும் ஃபேனுக்கும்தான் போகிறது. கனமும் கூடுதல், சார்ஜும் வேகமாக இறங்கும். தினமும் முதுகில் சுமந்து போகிறவளுக்கு அது இரட்டைச் சுமை. 'மெஷின் லேர்னிங் (தரவுகளைக் கொண்டு கம்ப்யூட்டருக்குக் கற்பிப்பது) படித்தால் கார்டு வேண்டுமே' என்று யாராவது சொல்லக்கூடும். கூகுள் கோலாப் என்று ஒன்று இருக்கிறது. பிரவுசரைத் திறந்தால் போதும், கூகுளின் கம்ப்யூட்டரில் உள்ள கிராபிக்ஸ் கார்டை ஓர் அளவுவரை இலவசமாகவே பயன்படுத்தலாம். மாணவர் பயிற்சிக்கு அது போதும்.

அவளுக்கு உண்மையில் வேண்டியது ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை லேப்டாப் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். விண்டோஸ் 11-ஐ நிறுவ மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபிதான். ஆனால் அது லேப்டாப் உயிரோடு இருக்கத்தான் போதும், வேலை செய்யப் போதாது. 8 ஜிபியில் ஆரம்பப் பாடங்கள் ஓடிவிடும். மூன்றாம் வருடம் போன் ஆப் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ஒரு ஆப் செய்து, லேப்டாப்பிலேயே போனைப் போல நடிக்கும் எமுலேட்டரையும் ஓடவிட்டு, பக்கத்தில் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். ஆகவே 16 ஜிபி. கட்டுப்படியாகாவிட்டால், பின்னால் ரேம் சேர்க்க இடம் உள்ள 8 ஜிபி லேப்டாப்.

இந்த 'இடம் உள்ள' என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து, அதாவது சால்டர் செய்துவிடுகிறார்கள். பிறகு யாராலும் கூட்ட முடியாது. கடையில் மெஷின் திறந்திருந்தால் விண்டோஸிலேயே உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டுப் பாருங்கள். ரேம் பொருத்தும் இடங்களான ஸ்லாட்டுகள் எத்தனை, அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பெரும்பாலும் அங்கேயே தெரியும். இரண்டில் ஒன்று நிரம்பியிருந்தால் நல்ல செய்தி. ஆனாலும் அதை விற்பவரிடமோ தயாரிப்பாளரின் இணையதளத்திலோ ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். 2025-இன் கடைசி மாதங்களில் மெமரி சிப்களின் விலை வேகமாக ஏறியது; செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனதே முக்கியக் காரணம். 'இப்போது 8 எடுப்போம், பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்று முடிவு செய்வதற்குமுன் ரேமின் அன்றைய விலையையும் விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்டோரேஜ். எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வகை) என்று இருக்க வேண்டும், 512 ஜிபி இருந்தால் நல்லது. விலை மிகக் குறைந்த சில லேப்டாப்புகளில் 64 அல்லது 128 ஜிபி 'இஎம்எம்சி' என்று போட்டிருக்கும். அது போன்களில் வைக்கும் வகை. வேகம் குறைவு, மாற்றவும் முடியாது. 64 ஜிபியில் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே இடத்தை அடைத்துக்கொள்ளும். பொறியியல் மாணவிக்கு அதை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

லேப்டாப்பின் மூளையான பிராசசர் விஷயத்தில்தான் பெற்றோர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஸ்டிக்கரில் 'ரைசன் 5' என்று இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு என்றால் அந்த '2' ஜென் 2 என்ற வடிவமைப்பைக் குறிக்கிறது. அந்த வடிவமைப்பு 2019-இல் வந்தது; இந்தச் சிப்பில் நான்கு கோர்கள், அதாவது வேலை செய்யும் பிரிவுகள். ரைசன் 5 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர்கள். பெயரில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், உழைப்பில் பெரிய வித்தியாசம். போதாக்குறைக்கு 7520யு ஏற்கும் ரேம் சால்டர் செய்யும் வகை மட்டுமே. 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

இன்டெல்லிலும் இதே கதை. 2023-இல் லேப்டாப்புகளில் செலரான், பென்டியம் என்ற பெயர்களை எடுத்துவிட்டு வெறும் 'இன்டெல் பிராசசர்' என்று வைத்தார்கள். என்100 அந்த வகை. கட்டுரை எழுத, வகுப்பு பார்க்க நன்றாகவே உழைக்கும். புரோகிராமிங் படிப்புக்கு அது இளைத்த மாடு. 'கோர் ஐ3' என்ற பெயரிலும் இரண்டு ரகம் உண்டு. ஐ3-என்305 என்பதில் உள்ள எட்டுக் கோர்களும் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சிறிய கோர்கள். ஐ3-1215யு என்பதில் ஆறுதான், ஆனால் அதில் இரண்டு வலுவான பெரிய கோர்கள். மகளுக்கு என்றால் இரண்டாவதையே எடுப்பேன். பில் போடுமுன் மாடல் எண்ணை முழுதாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துவிட்டு அடுத்த நாள் போய் வாங்குங்கள். அவசரப்படுத்தும் கடைக்காரரிடம் வாங்க வேண்டியதில்லை.

திரை 1920-க்கு 1080 பிக்சல் இருக்கட்டும், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காத ஐபிஎஸ் வகை என்றால் கண்ணுக்கு நல்லது. கீபோர்டில் பத்து வரி அடித்துப் பார்க்க மகளையே விடுங்கள். நான்கு வருடம் அடிக்கப்போகிறவள் அவள்தான். 'எஸ் மோட்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரின் ஆப்கள் மட்டுமே ஓடும். இலவசமாக வெளியே வந்துவிடலாம், திரும்பி உள்ளே போக முடியாது, போக வேண்டிய தேவையும் இல்லை.

கட்டடக்கலை கிடைத்தால் கணக்கே வேறு. கட்டடங்களை வடிவமைக்க உதவும் ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் என்ற மென்பொருள்கள் இரண்டும் விண்டோஸில் மட்டும் ஓடுபவை. அந்தப் படிப்புக்குத் தனி கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் தேவைப்படும். கேமிங் லேப்டாப் என்று விற்கப்படுவதே அங்கே நியாயமான தேர்வு. ஆனால் முதல் வருடம் பல கல்லூரிகளில் கையால் வரைவதில்தான் பெரும்பகுதி போகிறது. சீனியர்களைக் கேட்டுவிட்டு, இரண்டாம் வருடம் தொடங்கும்போது வாங்கினால், அதற்குள் சேமிக்க உங்களுக்கும் ஒரு வருடம் கிடைக்கும். அந்த இரண்டு மென்பொருளுக்கும் பணம் ஒதுக்கத் தேவையில்லை, அவற்றைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு அவற்றை இலவசமாகவே தருகிறது.

வணிகவியலோ சட்டமோ இலக்கியமோ படிக்கும் பிள்ளை உறவில் இருந்தால், அவர்களுக்கு 8 ஜிபி லேப்டாப்பே தாராளம். வணிகவியலுக்கு மட்டும் தனி நம்பர் பேட் உள்ள கீபோர்டாகப் பாருங்கள், எக்செலில் நாள் முழுக்க எண் அடிக்கும் கைக்கு அது பெரிய உதவி. எழுதுவதும் படிப்பதுமே வேலை என்றால், விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக்கும் சரிப்படும். 2021 முதல் வந்த மாடல்களுக்கு கூகுள் பத்து வருட அப்டேட் உறுதி தந்திருக்கிறது. விண்டோஸ் மென்பொருள் அதில் ஓடாது என்பதால் பொறியியலுக்கு வேண்டாம்.

பணம் எதற்கும் எட்டவில்லை என்றால், அலுவலகங்களில் ஓடி, பழுது பார்த்து விற்கப்படும் லேப்டாப்பைப் பாருங்கள். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட், ஹெச்பியின் எலைட்புக் போன்றவை தினசரி உழைப்புக்கென்றே செய்யப்பட்டவை. புத்தம்புது மலிவு மெஷினைவிட, மூன்று வருடம் பழைய திங்க்பேட் ஒன்றையே நான் பல குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, எனவே விண்டோஸ் 11 ஏற்கும் மெஷினாக இருக்க வேண்டும். இன்டெல் கோர் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) என்று ஓர் எண்ணும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போதுள்ள கொள்ளளவு) என்று ஓர் எண்ணும் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே இருந்தால், புது பேட்டரிக்கான பணத்தைக் கழித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். உத்தரவாதம் எழுத்தில் வேண்டும்.

இனி பையனின் போன். வாங்குவதற்குமுன் பழைய போனை ஒருமுறை திறந்து ஸ்டோரேஜைப் பாருங்கள். தானாக இறங்கிய வாட்ஸ்அப் வீடியோக்களால் அது விளிம்புவரை நிரம்பியிருந்தால், போன் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தேவையானதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறது என்றால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது குறையே இல்லை.

புதிதுதான் வேண்டும் என்றால் பெட்டியின் மேல் உள்ள '8 ஜிபி' என்பதைச் சின்ன எழுத்தோடு சேர்த்துப் படியுங்கள். சிலவற்றில் '4 + 4' என்று இருக்கும். பின்னால் உள்ள நான்கு ரேமே அல்ல. ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் போலப் பாவிப்பது. உண்மையான 6 ஜிபியும் 128 ஜிபி ஸ்டோரேஜும் இருக்கட்டும். கேமரா மெகாபிக்சலைவிட, எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். சாம்சங் 2024-இல் கொண்டுவந்த கேலக்ஸி ஏ16 5ஜி விலை குறைந்த போன்தான், அதற்கே ஆறு வருட அப்டேட் உறுதி கொடுத்தார்கள். அந்த வருடங்கள் போன் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படும்; ஆகவே வெளிவந்த புதிதில் வாங்கினால், பத்தாம் வகுப்பில் வாங்கும் போன் கல்லூரிப் படிப்பின் பெரும்பகுதிவரை பாதுகாப்பாக ஓடும் என்று அர்த்தம்.

இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது என்றால் லேப்டாப் முதலில். வாங்கி வந்த அன்றே பெட்டியைப் பிரித்து, டாஸ்க் மேனேஜரில் ரேமையும் பிராசசர் எண்ணையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். கேமரா, மைக், எல்லா யுஎஸ்பி துளைகளும் வேலை செய்கின்றனவா என்று மகள் சோதிக்கட்டும். திருப்பிக் கொடுக்கும் நாள் என்றைக்கு முடிகிறது என்று பில்லில் வட்டமிட்டு வையுங்கள். கல்லூரி சேர்ந்ததும் துறையிலிருந்து மென்பொருள் பட்டியல் தருவார்கள். அதை எனக்கு அனுப்புங்கள், நீங்கள் எழுதி வாங்கிய மாடல் எண்ணோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.