கேரவன் ஃபிரிட்ஜின் கதவுக் கீல் உடைந்துவிட்டது. நாமே சரிசெய்யலாமா, ஃபிரிட்ஜையே மாற்ற வேண்டுமா?

தாராளமாக நீங்களே சரிசெய்யலாம். ஃபிரிட்ஜை மட்டும் மாற்றிவிடாதீர்கள். “கதவு தனியா வராது சார், மொத்த ஃபிரிட்ஜையும் மாத்தணும்” என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும், அதனால்தான் இந்தக் கேள்வி. எனக்கும் அதே வசனத்தைத்தான் சொன்னார்கள். படித்ததும் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது; பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படம் போடவில்லை. இருந்தாலும் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: இரும்புக் கீலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதன் முளை போய் உட்காருகிற ஓட்டை இருக்கிறதே, கதவின் கீழ் மூலையில், அந்த பிளாஸ்டிக் பிளந்திருக்கும். போய்ப் பாருங்கள். அப்படித்தான் இருக்கிறது என்றால் புதுக் கீல் வாங்கிப் பயனில்லை.

எங்களுக்கு நடந்தது மேடும் பள்ளமுமான ஒரு சாலையில். வண்டியை ஓரம்கட்டிவிட்டு, என் மனைவி தண்ணீர் எடுக்கப் போனார். கதவைப் பிடித்து இழுத்தால் அது திறக்காமல் முன்னால் சாய்கிறது. “என்னங்க, சீக்கிரம் வாங்க, கதவு கையோட வருது” என்று சத்தம். முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார், கதவுத் தட்டில் இருந்த பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலடியில் விழுகின்றன. அகலமான டேப்பைக் கதவிலிருந்து பக்கத்து அலமாரி வரைக்கும் இழுத்து ஒட்டி, ஊர்ந்துகொண்டே ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கிருந்தவர் வண்டிக்குள்ளே ஏறவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், ஃபிரிட்ஜை மாற்ற வேண்டும் என்றார், போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஒரு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஏனென்றால் ஃபிரிட்ஜ் பிரமாதமாகக் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது. எங்களுடையது கம்ப்ரெசர் இல்லாத வகை. கேஸ் சுடரோ மின்சாரமோ தரும் சூட்டில் அம்மோனியா கொதித்துச் சுற்றிவருகிற முறை. 1922இல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. அந்தக் குளிரூட்டும் குழாய்களில் அசைகிற பாகமே கிடையாது. தினமும் அசைவது கதவு ஒன்றுதான், அதைப் போய் மெல்லிசு பிளாஸ்டிக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மூலை போனதற்கு நல்ல ஃபிரிட்ஜைத் தூக்கிப் போடச் சொன்னால் எப்படி?

சரி, வேலைக்கு வருகிறேன். ஃபிரிட்ஜை அணைத்துக் காலி செய்யுங்கள். கேஸில் ஓடுவது என்றால் சிலிண்டர் வால்வையும் மூடிவிடுங்கள். மேலே ஃப்ரீசருக்குத் தனிக் கதவு இருந்தால், நடுக் கீல் இரண்டுக்கும் பொது. மேல் கதவையும் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றும்போது முளையில் இருக்கும் சின்ன வாஷர் எங்காவது உருண்டுவிடும், அதை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

உடைந்த மூலையைப் போர்த்துகிற மாதிரி வளைத்த ஸ்டீல் தகடுகளை இதற்கென்றே விற்கிறார்கள். இடது, வலது தனித்தனி. ஃபிரிட்ஜுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 2 மி.மீ. துருப்பிடிக்காத ஸ்டீலை வளைத்து, முளையின் அளவுக்கு ஓட்டை போட்டுத் தரச் சொல்லலாம். ஒன்று கவனியுங்கள்: கதவுக்குள் இருப்பது வெறும் நுரை, அதாவது மெத்தென்ற ஃபோம். ஸ்குரூ நுரையில் நிற்காது, சுற்றியிருக்கும் சட்டத்தில்தான் நிற்கும். அதனால் தகடு பிளவைத் தாண்டி, முழுசாக இருக்கும் பிளாஸ்டிக் வரைக்கும் நீள வேண்டும். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உள்பக்கம் வரைக்கும் பொத்துக்கொண்டு போய்விடும். ஓட்டை ஸ்குரூவைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். முடுக்குவது மட்டும் கையால்தான். மெஷினில் முடுக்கினால் பிளாஸ்டிக்கில் மரை அழிந்து, ஸ்குரூ சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

தகட்டின் கனத்துக்குக் கதவு மேலே ஏறும். 2 மி.மீ. தானே என்று விட்டால் கொண்டி போய் மாட்டாது. பழைய வாஷரை எடுத்துவிட்டு மெல்லிசான நைலான் வாஷராகப் போட்டுச் சரிக்கட்டுங்கள். வாஷரே இல்லாமல் இரும்போடு இரும்பு உரச விடாதீர்கள். கடைசியில் ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லா இடத்திலும் பிடித்து இழுக்க வேண்டும். சுலபமாக வந்துவிடும் இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை என்று அர்த்தம். இந்த வகை ஃபிரிட்ஜ் குளிர்வதே மெதுவாகத்தான். இடுக்கு வழியாகக் காற்று போனால் உள்ளே பனி கட்டிக்கொண்டு குளிர்ச்சி இன்னும் குறையும்.

“எபாக்ஸி தடவி ஒட்டினால் முடிகிற வேலைக்கு இத்தனை பீடிகையா?” என்று கேட்க ஒருவர் வருவார், தெரியும். பசை பிளவை அடைக்கும், ஈரம் நுரைக்குள் போகாமல் தடுக்கும். அதற்கு நானும் போட்டேன். எடையைத் தாங்குவது அதன் வேலை இல்லை. பாலிப்ரொப்பிலீன் மாதிரி பிளாஸ்டிக்கில் சாதாரண எபாக்ஸி ஒட்டவே ஒட்டாது, ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக் என்றால் ஒட்டும். உங்கள் வண்டியில் பசை மட்டுமே வருடக்கணக்காக நிற்கிறது என்றால் சந்தோஷம், சண்டைக்கு வரவில்லை. நான் மெக்கானிக்கும் இல்லை. வாரன்டி மிச்சம் இருந்தால் இதில் எதையும் தொடாமல் அவர்களிடம் போங்கள்.

ஏன் உடைந்தது என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் தகடும் ஆட்டம் காணும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கதவுத் தட்டு நிறைய பாட்டில் அடுக்கினால் அவ்வளவும் அந்தக் கீழ் மூலையில்தான் இறங்குகிறது, ஒவ்வொரு குழியிலும் ஒரு குத்து. கனமானதையெல்லாம் உள்தட்டுக்கு மாற்றுங்கள். அடுத்தது கொண்டி. வண்டியை நிறுத்தி வைக்கிற நாட்களில் பூசணம் பிடிக்காமல் இருக்கக் கதவைச் சற்றே திறந்த நிலையில் பூட்டி வைக்க பல மாடல்களில் ஒரு வசதி உண்டு. அந்த நிலையிலேயே வண்டியை ஓட்டினால் வழிநெடுகக் கதவு அடித்துக்கொண்டே வரும்.

எங்கள் வண்டியை அப்படி ஓட்டியது என் மைத்துனன். ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கிப் போனான். திருப்பித் தரும்போது கொண்டி அந்த நிலையில்தான் இருந்தது. கேட்டால், “நான் ஃபிரிட்ஜையே தொடலையே மாமா” என்கிறான். அதைக்கூட விடுகிறேன். சமையல் தொட்டியின் கழிவுநீர் டாங்க்கை முழுசாக நிரப்பி, காலி செய்யாமலே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனான். வெயில் காலம். அந்த நாற்றம் போக எத்தனை முறை கழுவினேன் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். இதைச் சொன்னால், “சின்னப் பையன், தெரியாம செஞ்சிருப்பான்” என்கிறார் மாமியார். சின்னப் பையனுக்கு இரண்டு பிள்ளைகள். வண்டியை இரவல் தருவதைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

அப்புறம், ஒன்று விட்டுப்போனது. சில மாடல்களில் கதவை இடது பக்கம் திறப்பதாகவோ வலது பக்கம் திறப்பதாகவோ மாற்றி மாட்டலாம். உங்களுடையது அப்படியா என்று கையேட்டில் பாருங்கள். மறுபக்கத்து மூலை நன்றாக இருந்தால் கீலையும் கொண்டியையும் பக்கம் மாற்றினால் போதும், தகடே வேண்டாம். திறந்த கதவு நடைவழியை அடைக்குமா என்று மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். எங்கள் வண்டியில் அடைத்தது, அதனால்தான் தகட்டுக்குப் போனேன்.