கீமோவுக்கு முன் கஞ்சி இறங்கட்டும்

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இட்லிகூட இறங்கவில்லை, கஞ்சிதான். கீமோ கொடுத்தால் சில மாதங்கள் கூடுதலாக இருப்பார் என்கிறார் டாக்டர். அவரை வதைக்க மனம் வரவில்லை. கொடுக்காவிட்டால் கைவிட்ட மாதிரி ஆகுமோ என்றும் பயம். நோயின் பெயரையே அவரிடம் இன்னும் சொல்லவில்லை.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கீமோவைப் பற்றி யோசிக்கச் சில நாள் எடுத்துக்கொள்ளலாம் அம்மா. சாப்பாடு இறங்காதது அப்படிக் காத்திருக்காது. எண்டோஸ்கோபி வழியாக உலோக ஸ்டென்ட் (அடைபட்ட இடத்தை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) வைத்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் குழைந்த சாதம் இறங்கும். முதல் சில நாள் நெஞ்சு வலிக்கும். இரைப்பை வாயைத் தாண்டி வைத்திருந்தால் புளிப்பு மேலேறும். தலைமாட்டை உயர்த்திப் படுக்க வையுங்கள். கறித்துண்டு, ரொட்டி, கீரைத்தண்டு சிக்கிக்கொள்ளும். உட்கார்ந்தபடி சிறு கவளமாகச் சாப்பிடட்டும், நடுநடுவே வெந்நீர் குடிக்கட்டும்.

அடுத்து, அப்பாவின் ஒரு பகலைக் கவனியுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையில்தான் என்றால், கீமோவால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம். நாங்கள் வேண்டாம் என்றே சொல்வோம். தானே குளித்து, வாசல்வரை நடக்கிறவர் என்றால் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் முழு அளவில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் அப்பாவைப் போன்ற, முழு கீமோ தாங்காத 514 பேரிடம் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2021-இல் வெளியானது. ஆக்ஸாலிபிளாட்டின், கேபசிட்டபின் மருந்துகளை 60 சதவீத அளவில் கொடுத்தபோதும் நோய் கட்டுப்பட்டிருந்த காலம் முழு அளவுக்குச் சளைக்கவில்லை, பக்கவிளைவும் குறைந்தது. “குறைந்த அளவில் தொடங்கலாமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேபசிட்டபின் மாத்திரை. அது இறங்குவதற்கும் ஸ்டென்ட் முந்த வேண்டும். ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய சில நாளுக்குப் பச்சைத்தண்ணீர் குடித்தாலே தொண்டை இறுகுவதுபோல் இருக்கும், வெதுவெதுப்பாகவே கொடுங்கள். வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக வயிற்றுப்போக்கு வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் ஸ்கேன். பலன் இல்லையென்றால் நிறுத்துவது என்று முன்னதாகவே பேசி வையுங்கள்.

இவ்வளவையும் அப்பாவுக்குத் தெரியாமல் முடிவு செய்ய முடியாது. “உங்க உடம்பப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்ப்பா?” என்று கேளுங்கள். அநேகமாக அவர் ஊகித்திருப்பார்.

கீமோ வேண்டாம் என்றாலும் வைத்தியம் நிற்காது. வலிநிவாரணப் பிரிவுக்கு இப்போதே கூட்டிப்போங்கள். வலி இருந்தால் மார்ஃபின் தருவார்கள். பயப்படாதீர்கள், அளவோடு கொடுத்தால் அது உயிரைக் குறைக்காது. மலமிளக்கியையும் முதல் நாளே எழுதித் தரச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் மலச்சிக்கல் தாங்காமல் வலி மாத்திரையே வேண்டாம் என்று தள்ளிவிடுவார்.