ஸ்கீன்ஸ் இருந்தும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் தோற்பது ஏன்? உரிமையாளரைத் திட்டுவது நியாயமா?

"பால் ஸ்கீன்ஸ் போன்ற பந்துவீச்சாளர் இருந்தும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது? ரசிகர்கள் எதற்கெடுத்தாலும் உரிமையாளரைத் திட்டுவது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயம்தான். போதாது என்றுகூடச் சொல்வேன்.

நீங்கள் அண்மையில் பிட்ஸ்பர்க் பக்கம் குடியேறியவர் என்று நினைக்கிறேன். பிள்ளை பள்ளியிலிருந்து மஞ்சள்-கறுப்புத் தொப்பியோடு வந்திருப்பான், நீங்களும் ஒன்றிரண்டு ஆட்டம் பார்த்திருப்பீர்கள், எதிரே ஆள் மாற்றி ஆள் அவுட் ஆகிப் போகிறார்கள், கடைசியில் பலகையில் தோல்வி என்று இருக்கிறது. குழப்பம் வரத்தான் செய்யும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, கடைசியில் இறங்கும் பந்துவீச்சாளர்கூட நான்கு பவுண்டரி அடித்து மானத்தைக் காப்பாற்றுவது பழக்கம். பேஸ்பாலில் அதற்கு வழியே இல்லை. 2022 முதல் அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீக்குகளிலும் பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கிறார். பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஓட்டானியைப் போன்ற ஓர் அதிசயப் பிறவியை விட்டுவிடுங்கள். மற்ற பிட்சர்கள் ரன் கொடுக்காமல் இருக்கலாம். ரன் எடுத்துத் தர அவர்களால் முடியாது.

2025 பருவத்தின் கணக்கைப் பாருங்கள். ஸ்கீன்ஸின் ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி, 1.97. ஸ்ட்ரைக் அவுட், அதாவது மட்டையாளரைப் பந்தாலேயே அவுட் ஆக்கியது, 216. நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாகக் கிடைத்தது. பைரேட்ஸ் பிட்சர் ஒருவருக்கு அந்த விருது 1990-இல் டக் டிராபெக்குக்குப் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறது. அப்படிப்பட்டவரின் வெற்றி தோல்விக் கணக்கு என்ன தெரியுமா? 10 வெற்றி, 10 தோல்வி. அணியின் கணக்கு 71 வெற்றி, 91 தோல்வி. 162 ஆட்டங்களில் அணி எடுத்த ரன் 583. 30 அணிகளிலும் இதுதான் குறைவு. பந்தைச் சுவருக்கு வெளியே அடித்த ஹோம் ரன் 117, அதுவும் கடைசி. ஆகவே பந்துவீச்சில் குறை தேடாதீர்கள். அணியின் மொத்தப் பந்துவீச்சு முதல் பத்து இடங்களுக்குள் இருந்தது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலடெல்பியாவில் ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் முழுவதையும் தனியாளாக வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். ஆட்டம் 1-0 என்று போனது. எதிரில் வீசியவர் மிக் ஏபல்; அன்றுதான் அவருக்கு முதல் ஆட்டம். முதல் ஆட்டக்காரரிடம் ஒன்பது பேர் ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பினார்கள் நம்மவர்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

இப்போது யாராவது வந்து, "பிட்ஸ்பர்க் சிறிய நகரம், பணம் கிடையாது, உரிமையாளர் என்ன செய்வார்?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். மில்வாக்கி எங்களைவிடச் சிறிய சந்தை. எங்கள் பிரிவிலேயே ஆடுகிறது. 2025-இல் 97 வெற்றி பெற்று 30 அணிகளிலும் முதலாவதாக வந்தது. சிறிய ஊர் என்பது உண்மை. அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு 2007 முதல் ஒருவர் முதன்மை உரிமையாளராக உட்கார்ந்திருக்கிறார் என்பதும் உண்மை. பாப் நட்டிங் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியாது. அவர் அணியை நடத்தும் விதத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். படிக்க வந்த காலத்தில், பைரேட்ஸின் அரங்கமான பி.என்.சி. பார்க்கின் மேல்தளத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் மலிவு டிக்கெட்டில் போய் உட்காருவேன். பக்கத்து இருக்கையில் அவர் இருப்பார். பிராடக் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடியில் நீளமான ஒரு நோட்டு, காதில் பென்சில். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் குட்டியாக ஒரு வைரச் சதுரம், ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு பேஸ்களின் படம். ஒருவன் முதல் பேஸுக்குப் போனால் சதுரத்தின் ஒரு பக்கத்தை அழுத்தி இழுப்பார். சுற்றி வந்து ரன் எடுத்தால் முழுச் சதுரத்தையும் கறுப்பாக நிரப்புவார். மட்டையை வீசித் தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆனால் ஆங்கில 'கே' எழுத்து நேராக. வீசாமல் நின்று பார்த்தே அவுட் ஆனால் அதே எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பி நிற்கும். "பந்தைப் பார்க்காதே, கேட்சர் கையுறையை எங்கே வைக்கிறான் என்று பார், பந்து அங்கே போகிறதா என்று பார்" என்றார். அதன்பின் எனக்கு ஆட்டமே வேறாகத் தெரிந்தது. இன்றும் நான் நோட்டும் பென்சிலுமாகத்தான் போகிறேன்.

2013 அக்டோபர் 1 இரவு அவர் பக்கத்தில்தான் இருந்தேன். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது பருவம் தோல்வியில் முடித்த அணி, தோற்றால் அத்தோடு வீடு என்ற வைல்டு கார்டு ஆட்டத்துக்கு வந்திருந்தது. அரங்கம் முழுவதும் கறுப்புச் சட்டை. சின்சினாட்டியின் பிட்சர் ஜானி குவெட்டோவின் பெயரை நாற்பதாயிரம் பேர் இழுத்து இழுத்துக் கூவுகிறார்கள். அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை நம் ரஸல் மார்ட்டின் இடப்பக்கச் சுவருக்கு வெளியே அனுப்பினார். பெரியவர் எழுந்து குதிக்கவில்லை. நோட்டில் சதுரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பென்சில் முனை உடைந்து, தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

அந்த அணியைக் கட்டியெழுப்பியிருந்தால் இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது. 2015-இல் 98 வெற்றி. பேஸ்பாலிலேயே இரண்டாவது இடம். வைல்டு கார்டு ஆட்டத்தில் சிகாகோ கப்ஸின் பிட்சர் ஜேக் அரியெட்டாவிடம் தோற்றோம், சரி, தோல்வி நடப்பதுதான். அதன்பின் ஒரு நல்ல உரிமையாளர் என்ன செய்வார்? இன்னும் ஓர் ஆளைச் சேர்ப்பார். இவர்கள் உள்ளூர்ப் பையன் நீல் வாக்கரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்துவிட்டு பிட்சர் ஜான் நீஸைக் கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் பிட்சர் கெரிட் கோல் ஹூஸ்டனுக்குப் போனார், அதே மாதம் அணியின் நட்சத்திரம் ஆண்ட்ரூ மெக்கட்சன் போனார். கோலுக்கு இங்கே கீழே இறங்கும் சிங்கர் வகைப் பந்தை அதிகம் வீசி, தரையோடு அடிக்க வைக்கும் பாடம் நடந்தது. 2017-இல் 196 ஸ்ட்ரைக் அவுட். ஹூஸ்டனில் நேர்வேகப் பந்தை உயரமாக வீசு என்றார்கள். 2018-இல் 276, 2019-இல் 326. கை அதே கை.

அதைவிடக் கொடுமை 2018 ஜூலை 31. கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒரே பிட்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ் இருவரையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்தார்கள். பிறகு ஷேன் பாஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆர்ச்சர் 2019-இல் 3 வெற்றி, 9 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.19. அதே ஆண்டு கிளாஸ்னோவின் ஈ.ஆர்.ஏ. 1.78, மெடோஸ் 33 ஹோம் ரன். இது பொது மேலாளரின் தவறு, உரிமையாளரின் தவறா என்று கேட்பீர்கள். மேலாளரை வைத்தது யார்? பெரியவர் அந்தக் குளிர்காலத்தோடு சீசன் டிக்கெட்டை விட்டுவிட்டார். அரை நூற்றாண்டுப் பழக்கம். அந்த இருக்கையில் இப்போது வேறு வேறு ஆட்கள் வந்து கைபேசி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சம்பளக் கணக்கை விளக்கினால்தான் என் கோபம் புரியும். இளம் ஆட்டக்காரர் முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடுவார். 2025-இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டு, சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் வழியாகக் கொஞ்சம் உயரும். ஆறு ஆண்டு முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போக முடியும். ஆக, ஸ்கீன்ஸ் போன்ற ஒருவர் மலிவாகக் கிடைக்கும் இந்தச் சில ஆண்டுகளில் மிச்சமாகும் பணத்தைக் கொட்டி, அடிக்கத் தெரிந்தவர்களை வாங்க வேண்டும். 2025 வரை இங்கே அந்த மிச்சம் மிச்சமாகவே நின்றது. 2025-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் மொத்தச் சம்பளம் 30 கோடி டாலருக்கு மேல்; பைரேட்ஸ் ஏறத்தாழ 9 கோடி. டாட்ஜர்ஸாக மாறச் சொல்லவில்லை. ஆனால் பெரிய அணிகளின் வருவாயிலிருந்து சிறிய அணிகளுக்குப் பங்கு வருகிறதே, அது எதற்கு வருகிறது? நம் ஆட்டக்காரர் பிரையன் ரெனால்ட்ஸுக்கு 10.675 கோடி கொடுக்கவில்லையா, மிட்ச் கெல்லருக்கு 7.7 கோடி கொடுக்கவில்லையா என்று ஒருவர் கேட்பார். கொடுத்தார்கள், நல்ல காரியம். 2025 வரை ரெனால்ட்ஸின் ஒப்பந்தம்தான் இந்த அணியின் வரலாற்றிலேயே பெரியதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரங்கம் யார் பணத்தில் எழுந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1997-இல் இதற்காக விற்பனை வரியை உயர்த்தலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். மறு ஆண்டே வேறு வழியில் பொதுப்பணம் ஒதுக்கி, 2001-இல் திறந்துவிட்டார்கள். ஊர்ப் பணத்தில் எழுந்த அந்த அரங்கத்தின் வலப்பக்கச் சுவரின் உயரம் 21 அடி. பைரேட்ஸின் பழம்பெரும் ஆட்டக்காரர் ரொபர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண் 21. நிகரகுவா நிலநடுக்கத்துக்கு உதவிப் பொருள் ஏற்றிப் போன விமானம் 1972 டிசம்பர் 31 அன்று விழுந்து இறந்துபோன மனிதர். அந்தச் சுவரில் அவர் நினைவாக இருந்த 21 என்ற எண் சின்னத்தை 2025 பருவத் தொடக்கத்தில் எடுத்துவிட்டு மதுபான விளம்பரம் வைத்தார்கள். ஊர் கொதித்த பிறகு திரும்ப வைத்தார்கள். அதே மாதம், ரசிகர்கள் பணம் கட்டித் தங்கள் குடும்பத்தார் பெயர் பொறித்து வாங்கிய செங்கற்கள் மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடந்த படம் வெளிவந்தது. இதற்கும் சந்தை சிறியது என்று காரணம் சொல்வார்களா? ஒரு சின்னத்தைத் தொடாமல் விடுவதற்கு எத்தனை கோடி வேண்டும்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் வீட்டு விருந்துகளில் நான் பேஸ்பால் என்று வாயெடுத்தால், "அண்ணே, அதெல்லாம் ஓர் ஆட்டமா?" என்று சிரிக்கிறார்கள். பென் ஹில்ஸ் கோயிலுக்கு வாரம் தவறாமல் வருகிறவர்கள், இருபது ஆண்டாக இந்த ஊர் உப்பைத் தின்கிறவர்கள். மோன்ரோவில் என்ற புறநகரில் வீட்டு விலை, கடன் வட்டி, யார் மகனுக்கு எந்தக் கல்லூரி. இரவு பதினொரு மணிவரை இதே பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் எதற்காக அக்டோபரில் அழுகிறார் என்று தெரிந்துகொள்ள ஒருவருக்கும் ஆசையில்லை. 2008-இல் இதே பைரேட்ஸ்தான் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்களை இந்தியாவிலிருந்து பிட்சர்களாக ஒப்பந்தம் செய்தது என்று சொன்னால், யாரும் நம்புவதுகூட இல்லை. நான் கிரிக்கெட்டை விட்டுவிடவில்லை. இரண்டையும் நேசிக்க ஒரு மனிதனுக்கு இடம் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்கீன்ஸ் 2029 பருவம்வரை இந்த அணியின் பிடியில் இருப்பார். இளம் பிட்சர் புப்பா சாண்ட்லர் வந்துவிட்டார். 2025-இல் முழங்கை அறுவை செய்துகொண்ட பிட்சர் ஜேரட் ஜோன்ஸும் இருக்கிறார். இப்படி ஒரு பந்துவீச்சு வரிசை இந்த ஊருக்கு அமைவது அரிது. இதை வைத்துக்கொண்டு அடிப்பவர்களை வாங்காமல் விட்டால், குற்றவாளி யார் என்று தேட வேண்டியதில்லை.

அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஸ்கீன்ஸ் வீசும் நாளைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஏறக்குறைய ஆறு நாளுக்கு ஒரு முறை அவர் முறை வரும். நகர மையத்தில் ரயில் ஏறினால் நார்த் சைடு நிலையம்வரை கட்டணம் கிடையாது. மூன்றாம் பேஸ் பக்கம் மேல்தளத்தில் உட்கார்ந்தால் ஆறும் பாலமும் நேரே தெரியும். பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். கூட்டம் எழுந்து "அணியை விற்றுவிடு" என்று முழங்கும். கூச்சப்படாமல் நீங்களும் சேர்ந்து முழங்குங்கள்.